வாய்க்கால் முதலில், கன்று பிறகு

கழியோரம்: வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், கல்லூரிப் பிள்ளைகள் அலையாத்தி, அதாவது கழிமுகச் சேற்றில் வளரும் மாங்குரோவ் மரங்களை, நடப் புறப்பட்டிருப்பதைப் பற்றி நான்கு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. இருபத்தெட்டு ஆண்டு தாவரவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். அதில் பாதிக் காலம் முத்துப்பேட்டைப் பக்கத்துச் சேற்றில் மாணவர்களோடு நின்றிருக்கிறேன். இந்தக் கடிதங்களை வைத்துக்கொண்டு வேறு எதையும் எழுத மனம் வரவில்லை. ஆமை, பவளம் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கடல்சார் உயிரியல் முதுநிலை படிக்கிறேன். எங்கள் பல்கலைக்கழக என்.எஸ்.எஸ். அணி ஜூலை 26, உலக அலையாத்தி நாளில் 2,000 கன்று நட முடிவு செய்திருக்கிறது. சாலையிலிருந்தே தெரிகிற அகலமான சேற்றுத் திடல் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒரு மரம்கூட இல்லாத வெட்டவெளி, நட வசதி. நாங்கள் கவனிக்க வேண்டியது என்ன மேடம்?
– மாணவி, நாகப்பட்டினம் மாவட்டம்

மகளே, முதலில் அந்தத் திடலையே ஒரு கேள்வி கேள். இங்கே ஏன் ஒரு மரம்கூட இல்லை? கூப்பிடு தூரத்தில் அலையாத்திக் காடு இருக்கிறது. மழைக்காலந்தோறும் அதன் விதைகள் ஆயிரக்கணக்கில் மிதந்து வந்து அந்தச் சேற்றில் ஒதுங்கத்தான் செய்கின்றன. அப்படியும் ஒன்று வேர் பிடிக்கவில்லை என்றால் அங்கே விதைக்குப் பஞ்சமில்லை. தண்ணீர் கூடுதலாக நிற்கிறது, அல்லது வந்து எட்டவில்லை, அல்லது மண்ணில் உப்பு ஏறிப்போயிருக்கிறது. எது என்று கண்டுபிடிக்காமல் 2,000 நட்டால் 2,000-மும் போய்விடும்.

நான் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். சுனாமிக்கு அடுத்த ஆண்டு. கரையோரம் முழுக்க எல்லாரும் நட்டுக்கொண்டிருந்த நேரம். அறுபது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஆடி மாதத்தில் போனேன். கயிறு பிடித்து, வரிசை பார்த்து, சுரபுன்னை என்னும் அலையாத்தி வகையின் காய்கள் ஐந்நூறைச் சேற்றில் குத்தினோம். நடவு முடிந்த வயலைப் போல அத்தனை அழகாக இருந்தது. கார்த்திகையில் போனால் திடலையே காணோம். முழங்காலுக்கு மேல் தண்ணீர். தை பிறந்து தண்ணீர் இறங்கியதும் மறுபடி போனோம். பாதிக்கு மேல் இருந்த இடம் தெரியவில்லை. மிஞ்சி நின்ற குச்சிகளின் மேல் கொட்டலசு, அதாவது பாறையிலும் படகிலும் ஒட்டிக்கொள்ளும் சின்ன ஓட்டுயிரி, சுண்ணாம்பை அப்பியது போல மொய்த்திருந்தது. அந்தப் பாரம் தாங்காமல் குச்சிகள் சேற்றைப் பார்த்து வளைந்து கிடந்தன. ஒன்றைப் பிடுங்கினேன். வேர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்புக் கூழ், அழுகிய முட்டை வாடை. உயிரோடு இருந்தவை பதினொன்று. எண்ணிய பெண் அந்த எண்ணைக் குறிப்பேட்டில் எழுதினாள். வீடு திரும்பும் வரை அவள் யாரோடும் பேசவில்லை.

நடவு நடந்த அன்று ஒரு பெரியவர் தோணியில் இருந்தபடி எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். தை மாதம் அவரிடம் போய்க் கேட்டேன். "ஐப்பசி கார்த்திகையில அது தோணி போற வழி டீச்சர். ஆடியில பாத்தா தரை மாதிரிதான் தெரியும்" என்றார். எங்களில் யாரும் அன்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அவர் சொன்னதற்குப் பின்னால் இருக்கிற விஷயம் இது. நம் கிழக்குக் கரையில் கடல்மட்டம் ஆண்டு முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் உயர்ந்து நிற்கும், ஆடி வாக்கில் தாழ்ந்து கிடக்கும். இங்கே கடல் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசமே ஒரு மீட்டருக்குள்தான். அதனால் ஒரு சாண் பள்ளம் என்பது கன்றுக்கு வாழ்வா சாவா என்கிற கணக்கு. அலையாத்தி தண்ணீரில் வளரும் மரம் என்று எல்லாரும் நினைக்கிறோம். உண்மையில் அது தண்ணீர் வந்துவிட்டுப் போகும் இடத்து மரம். ஏற்றவற்றத்தின் மேல்பாதியில்தான் அது குடியிருக்கும். நாளில் பெரும்பகுதி நேரம் அதன் காலடிக்குக் காற்று பட வேண்டும்.

பக்கத்தில் இலங்கையில் சுனாமிக்குப் பிறகு ஏராளமாக நட்டார்கள். 23 இடங்களை ஆராய்ந்து 2017-ல் வெளிவந்த ஆய்வு ஒன்றைப் பிள்ளைகளுக்கு வரிவரியாகப் படித்துக் காட்டியிருக்கிறேன். நட முயன்ற பரப்பு 1,000 முதல் 1,200 ஹெக்டேர். காடாகத் தேறியது ஏறக்குறைய 200 முதல் 220 ஹெக்டேர். 9 இடங்களில் ஒரு கன்றுகூடப் பிழைக்கவில்லை. கற்பிட்டி, பம்பல, நீர்கொழும்பு ஆகிய மூன்று இடங்களில் மட்டும் பாதிக்கு மேல் நின்றன. அங்கே நட்டவர்களும் உங்களைப் போல நல்ல மனசோடு போனவர்கள்தான். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. வெறும் சேறு என்று நமக்குத் தெரிகிற திடல் உள்ளான் போன்ற கரைப்பறவைகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு. கோடியக்கரைக்கும் முத்துப்பேட்டைக்கும் பனிக்காலத்தில் வந்து இறங்குகிற பறவைகள் அந்தச் சேற்றைக் குத்தித்தான் வயிறு நிரப்புகின்றன. இயல்பாகவே திடலாக இருக்கிற இடத்தைத் திடலாகவே விட்டுவிடுங்கள்.

ஆகவே ஜூலை 26 அன்று நடாதீர்கள். அன்றைக்குச் செய்ய வேறு வேலை நிறைய உண்டு. இரண்டு மூங்கில்களில் சாணுக்கொரு கோடாக வண்ணம் அடித்துத் திடலிலும், பக்கத்துக் காட்டில் நன்றாக வளர்ந்த மரத்தடியிலும் ஒவ்வொன்று ஊன்றுங்கள். அமாவாசை தொடங்கிப் பௌர்ணமி வரை தண்ணீர் எந்தக் கோடு வரை ஏறுகிறது, எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று இரண்டையும் எழுதுங்கள். இரண்டு கணக்கும் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதிலேயே உங்களுக்குப் பாதி விடை இருக்கிறது. பிறகு முழங்கை ஆழத்துக்குக் குழி தோண்டி, ஊறி வரும் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து உப்பு பாருங்கள். உப்பு அளக்கும் ரெஃப்ராக்டோமீட்டர் உங்கள் ஆய்வகத்திலேயே இருக்கும். அந்த ஊர் மீனவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். இதே எண்களை ஐப்பசியிலும் எடுங்கள். கன்று வேண்டுமா, எங்கே வேண்டும் என்பதை அதற்கப்புறம் முடிவு செய்யலாம். உங்கள் துறைத் தலைவர் கேட்டால் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

கேள்வி: என் மகன் இளநிலை தாவரவியல் படிக்கிறான். நான்கு மாதமாகச் சனிக்கிழமைதோறும் "அலையாத்தி வேலை" என்று போகிறான். கேட்டால் இன்னும் ஒரு கன்றுகூட நடவில்லையாம். மண்வெட்டியும் சட்டியுமாக வாய்க்கால் தூர்வாருகிறார்களாம். துவைத்துத் துவைத்து என் கை போய்விட்டது. படிக்க அனுப்பிய பிள்ளையைக் கூலி வேலைக்கு அனுப்பியது போல இருக்கிறது. இது சரிதானா?
– ஒரு தாய், மன்னார்குடி

அம்மா, உங்கள் மகனை அழைத்துப் போகிற ஆசிரியர் யாரோ, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் சரியான வேலையைச் செய்கிறார்கள்.

பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் காடு எப்படி அழிந்தது என்று தெரிந்தால் உங்கள் மனசு ஆறும். ஆங்கிலேயர் காலத்தில் கூப்பு வெட்டு என்று ஒரு முறை வந்தது. காட்டைப் பத்தி பத்தியாகப் பிரித்து, ஒரு பத்தியை ஒட்ட வெட்டி விறகுக்கும் மரத்துக்கும் எடுத்துக்கொண்டு, அது மறுபடி வளரட்டும் என்று அடுத்ததற்குப் போவார்கள். விடுதலைக்குப் பிறகும் 1970-கள் வரை அது நடந்தது. மேட்டுக்காட்டில் வெட்டிய இடம் துளிர்க்கலாம். இங்கே அப்படி நடக்கவில்லை. நிழல் போனதும் சேற்றில் வெயில் நேராக அடித்தது. சேற்றுக்குள் இருந்த ஈரம் உலர்ந்து, மண் அமுங்கி, நடுவில் தாம்பாளம் போலக் குழிந்துவிட்டது. அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கில் கடல்நீர் அதற்குள் ஏறும். ஏறிய நீர் வெளியே போக வழியில்லை. அங்கேயே நின்று வற்றும், உப்பை விட்டுவிட்டுப் போகும். அடுத்த பெருக்கு, மறுபடி உப்பு. கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு என்றால் அந்தக் குழிகளின் மண்ணில் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு ஏறிவிடுகிறது. மேலே ஆற்றில் அணையும் தடுப்புமாகி, கடைமடைக்கு வருகிற நல்ல தண்ணீரும் குறைந்துபோனது. அலையாத்தியே பிழைக்க முடியாத உப்பளமாகிவிட்டது காடு. விறகு வெட்டியும் மாடு மேய்த்தும் ஊர்க்காரர்கள்தான் காட்டை அழித்தார்கள் என்று வெகுகாலம் அவர்கள் மேல் பழி இருந்தது. அந்தப் பழியை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் வனத்துறையோடும் கிராமத்தாரோடும் சேர்ந்து பிச்சாவரத்தில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். இயற்கையான ஓடையிலிருந்து 45 பாகை சாய்வில் ஒரு தாய் வாய்க்கால். அதிலிருந்து இரு பக்கமும் 30 பாகை சாய்வில் கிளை வாய்க்கால்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும், மீன்முள் வாய்க்கால் என்றே பெயரும் வந்துவிட்டது. ஏற்றத்தில் தண்ணீர் குழிக்குள் போய், வற்றத்தில் உப்பையும் கரைத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். முத்துப்பேட்டை மீனவர்களுக்கு இது புதிதுமில்லை. காட்டுக்குள் வாய்க்கால் வெட்டி, ஏற்றத்தில் உள்ளே வரும் மீனைப் பிடிப்பது அவர்கள் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தொழில். அந்த வாய்க்கால் கரைகளில் மரங்கள் வரிசை கட்டி நிற்கும்.

இந்த வாய்க்கால்களுக்கு ஒரு தொல்லை உண்டு. வண்டல் படிந்து தூர்ந்துபோகும். தூர்ந்தால் குழி பழையபடி உப்பளமாகும். அதைத்தான் உங்கள் மகன் அள்ளுகிறான்.

எங்கள் பிள்ளைகள் வனத்துறை அனுமதியோடு, ஊர்க்காரர்கள் வழிகாட்ட, ஒரு கிளை வாய்க்காலை ஏழு வாரம் தூர்வாரினார்கள். கடைசி நாள் வாயில் இருந்த மண்கட்டியை எடுத்ததும் ஏற்றம் தொடங்கியது. தண்ணீர் பாய்ந்து வரவில்லை. காய்ந்த சருகையும் நுரையையும் முன்னால் தள்ளிக்கொண்டு, வயதானவர் நடக்கிற வேகத்தில் வந்தது. அறுபது பிள்ளைகளும் வாய்க்கால் கரையில் அதோடு கூடவே நடந்தார்கள், ஒருவரும் சத்தம் போடவில்லை. மண் நனைந்த இடத்தில் எல்லாம் சின்னச் சின்னக் குமிழ் வெடித்துக்கொண்டே இருந்தது. தூர்வாருவதற்கு முன் அந்தக் குழியில் எடுத்த முதல் சொட்டு, உப்பு அளக்கும் கருவியில் (கடல்நீருக்கு 35 காட்டும்) 100 என்று போட்டிருந்த கடைசிக் கோட்டையும் தாண்டியிருந்தது. ஒரு மழைக்காலம் விட்டுத் தை மாதம் அதே குழியில் எடுத்தபோது 42. அதன் பிறகு உமிரி என்னும் உப்புநிலச் செடி தானாக முளைத்தது. உமிரித் தூரில் மிதந்துவந்த அலையாத்தி விதைகள் சிக்கி நின்றன. நாங்கள் நட வேண்டி வந்தது நினைத்ததில் கால்வாசிதான்.

துணிக்கு ஒன்று சொல்கிறேன். வந்ததும் சோப்பு போடாதீர்கள். சேறு காயும் முன் வெறும் தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டு, பிறகு ஊறவையுங்கள். அலசுகிற வேலையை மகனிடமே கொடுங்கள்.

கேள்வி: படங்களில் எல்லாரும் சுரபுன்னையையே நடுகிறார்கள். வேறு மரம் கிடையாதா?
– பள்ளி ஆசிரியர், சிதம்பரம்

உண்டு ஐயா. உங்கள் ஊர்த் தில்லையே இந்தக் காட்டு மரம்தானே. நரிக்கண்டல், கழுதைமுள்ளி என்று நிலத்தின் உயரத்துக்கும் உப்புக்கும் தக்கபடி ஒவ்வொன்று நிற்கும்.

சுரபுன்னையை எல்லாரும் எடுப்பதற்குக் காரணம் அதன் காய். மரத்திலேயே முளைவிட்டு, முருங்கைக்காய் போல நீண்டு தொங்கும். கழுத்தில் மஞ்சள் வளையம் தெரிந்தால் முற்றிவிட்டது என்று பொருள். கையில் எடுத்தால் வழவழப்பும் கனமுமாக இருக்கும். ஓட்டை இருந்தால் பூச்சி போயிருக்கிறது, போட்டுவிட வேண்டும். கூர்முனை கீழே போகும்படி மூன்றில் ஒரு பங்கு சேற்றில் செருகினால் போதும். புதிதாக வருகிற பிள்ளைகள் சிலர் தலைகீழாகக் குத்திவிடுவார்கள், பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டும். மேலே தொப்பி போல ஒட்டிக்கொண்டிருக்கும் பழத்தைப் பிய்க்கவும் கூடாது, தானாக விழட்டும்.

வெண்கண்டல், அதாவது முத்துப்பேட்டையில் அலையாத்தி என்று சொன்னாலே குறிக்கிற மரம், வேறு ரகம். அதன் விதை தட்டையாக அவரை விதையைப் போல, ஆனால் பெரிதாக இருக்கும். தண்ணீரில் போட்டால் ஓரிரு நாளில் தோல் கழன்று இரண்டு பருப்பும் விரியும். படத்துக்கு அழகாக வராது. ஆனால் உப்பை அதுதான் அதிகம் தாங்கும், இலையின் வழியாக உப்பை வெளியே தள்ளிவிடும். வெயில் நேரத்தில் இலையைத் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள். முத்துப்பேட்டைக் காட்டின் பெரும்பகுதி அந்த மரம்தான். சுரபுன்னைக்கு நல்ல நீரோட்டம் உள்ள ஓடைக்கரை வேண்டும்.

2018 நவம்பர் 16-ல் கஜா அடித்த பிறகு முத்துப்பேட்டைக் காட்டைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தீ வைத்தது போலப் பழுப்பேறிக் கிடந்தது. வெண்கண்டலுக்கு முறிந்த கட்டையிலிருந்தும் துளிர்க்கிற சக்தி உண்டு. முற்றிய சுரபுன்னைக்கு அது இல்லை, கிளையோடு போனால் மரமே போய்விடும். ஒரே மரத்தை வரிசையாக நட்டு வைத்தால் ஒரே காற்றில் அத்தனையும் போகும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

உங்கள் மாணவர்களைப் பிச்சாவரம் அழைத்துப் போனால் இதையும் சொல்லுங்கள்: இரண்டு சுரபுன்னை இனங்கள் இயற்கையாகக் கலந்து உண்டான ஒரு மரம் அங்கே இருக்கிறது. ரைசோஃபோரா அண்ணாமலையானா என்று அதற்குப் பெயர். பரங்கிப்பேட்டையில் கடல்வாழ் உயிரியல் மையம் நடத்துகிற அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் பேராசிரியர் கதிரேசன் வைத்த பெயர். ஒரு மரத்தின் தாவரவியல் பெயருக்குள் தங்கள் ஊர்ப் பல்கலைக்கழகம் இருக்கிறது என்றதும் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் கல்லூரிக்குப் பக்கத்திலேயே கழி. அனுமதி எல்லாம் வாங்க வேண்டுமா?
– மாணவர், காரைக்கால்

கட்டாயம் வாங்க வேண்டும் தம்பி. காப்புக்காடு என்றால் வனத்துறை எழுத்துமூலம் தராமல் காலே வைக்கக் கூடாது. காப்புக்காட்டுக்கு வெளியில் இருந்தாலும், அலையாத்தி இருக்கிற இடம் கடலோர ஒழுங்குமுறை விதிகளில் மிகக் கூடுதல் பாதுகாப்புள்ள பிரிவில் வருகிறது. மண் வெட்டுவதற்கும் அது பொருந்தும். வனச்சரக அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பேசுங்கள். வேலை செய்ய ஆள் தேடிக்கொண்டிருக்கிற வனக்காப்பாளர்கள் உண்டு.

கேள்வி: 2004-ல் சுனாமியைப் பிச்சாவரம் தடுத்தது என்று மேடைக்கு மேடை சொல்கிறார்கள். உண்மையா, பேச்சுக்குச் சொல்வதா?
– ஓய்வுபெற்ற பொறியாளர், கடலூர்

பரங்கிப்பேட்டைப் பகுதியில் 18 மீனவர் குடியிருப்புகளை ஆராய்ந்து, அலையாத்தி மறைவில் இருந்த ஊர்களில் உயிரிழப்பும் சேதமும் குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். கடலூர் மாவட்டக் கரையை வைத்து வேறொரு குழுவும் அதே ஆண்டு அதைப் போன்ற முடிவைச் சொன்னது. 2006-ல் வேறு ஆய்வாளர்கள் அதே 18 ஊர்க் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்து, பிழைத்த ஊர்கள் கடலிலிருந்து தள்ளியும் மேட்டிலும் இருந்தவை, மரத்தைவிட தூரமும் உயரமும்தான் காத்தன என்று மறுத்தார்கள்.

இரண்டு பக்கத்தையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுவேன். காடு அலையின் வேகத்தைக் குறைக்கும் என்பதில் சந்தேகமில்லை. மரமும் வேரும் தண்ணீரை உரசி நிறுத்துகின்றன. ஆனால் காட்டின் அகலம், அலையின் உயரம் இரண்டையும் பொறுத்தது அது. ஐம்பது அடி அகலத்தில் நட்டுவிட்டு "இனி பயமில்லை" என்று ஒரு கிராமத்தாரிடம் சொன்னால், எச்சரிக்கை வரும் நாளில் அவர்கள் வீட்டைவிட்டுக் கிளம்பாமல் இருந்துவிடலாம். அந்தப் பொறுப்பை யார் ஏற்பது? அன்றாடக் காற்றுக்கும் கரை அரிப்புக்கும் இந்த மரம் செய்கிற நன்மையே நடுவதற்குப் போதுமான காரணம்.

கேள்வி: எங்க அப்பா நண்டு பிடிக்கிறவர். நானும் இப்போ கல்லூரியில படிக்கிறேன். போன வருஷம் வேற ஒரு கல்லூரியில இருந்து வந்து எங்க துறைக்குப் பக்கத்துல நட்டுட்டு, வேலி கட்டி, பலகை வச்சுட்டுப் போயிட்டாங்க. அம்மா காலால் தடவி மட்டி எடுக்குற இடம் அது. கன்னும் செத்துப்போச்சு, வேலி மட்டும் நிக்குது. நம்ம மேலதான் தப்பாங்கற மாதிரி ஊர்ல பேசுறாங்க. யாருகிட்ட சொல்றது டீச்சர்?
– மாணவி, முத்துப்பேட்டை அருகில்

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன் கண்ணு. தப்பு உங்கள் மேல் இல்லை. அந்த இடத்தைப் பயன்படுத்துகிறவர்களைக் கேட்காமல் வேலி கட்டியது பெரிய தப்பு. அம்மா மட்டி எடுக்கிற இடம் என்றால் அது தாழ்வான சேறு, கன்று நிற்கிற உயரம் இல்லை. அம்மாவைக் கேட்டிருந்தாலே அவர் சொல்லியிருப்பார். பிச்சாவரம் ஓடைகளில் இருளர் மக்கள் கையால் தடவியே இறால் பிடிக்கிறார்கள். எந்த ஓடையில் எந்த மாதம் எவ்வளவு தண்ணீர் என்பது அவர்கள் விரலில் இருக்கிறது. எந்தக் கருவியும் அதற்கு ஈடில்லை என்று அவர்களோடு தண்ணீரில் இறங்கிய நாளில் எனக்குத் தெரிந்தது.

ஊர்ப் பஞ்சாயத்துப் பெரியவர்கள் இரண்டு பேர், அம்மாவைப் போல மட்டி எடுக்கிற பெண்கள் நான்கு பேர், நீ. இத்தனை பேர் கையெழுத்தோடு அந்தக் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வேலியை எடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். வனச்சரக அலுவலகத்துக்கும் ஒரு நகல். அதோடு எந்த இடம் தரிசாகக் கிடக்கிறது, எந்த வாய்க்கால் தூர்ந்திருக்கிறது என்று அப்பாவிடம் கேட்டு ஒரு வரைபடம் போட்டு இணைத்துவிடு. உன் கல்லூரியில் சூழல் மன்றம் இருந்தால் அந்த வரைபடத்தை அங்கே நீயே எடுத்துப் பேசு. உன்னைவிட அந்தக் கழியை அறிந்தவர் அந்த வகுப்பில் யார் இருக்கப்போகிறார்?

கேள்வி: சேற்றில் இறங்க என்ன போட்டுக்கொள்வது?
– மாணவர், தூத்துக்குடி

கணுக்காலைக் கட்டிப் பிடிக்கிற பழைய கான்வாஸ் ஷூ. செருப்பு முதல் அடியிலேயே சேற்றுக்குள் போய்விடும், வெறுங்காலைக் கொட்டலசும் சிப்பியும் கிழிக்கும். டெட்டனஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சுவேர்கள் மண்ணுக்கு மேல் பென்சில் போல நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை மிதிக்காமல் ஒருவர் பின் ஒருவராக ஒரே தடத்தில் நடங்கள். நாற்றங்கால் கன்றாக இருந்தால் பாலித்தீன் பையைக் கழற்றி, எண்ணி, கரைக்குக் கொண்டுவந்து சேருங்கள். பையோடு நட்ட கன்றுகளை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் இறுதியாண்டு. பதினெட்டு மாதமாக ஒரு கிளை வாய்க்காலைப் பார்த்துக்கொள்கிறோம். முந்நூறு கன்று நிற்கிறது. வரும் மே மாதம் எல்லாரும் ஊருக்குப் போய்விடுவோம். அதற்கப்புறம் அது என்ன ஆகுமோ என்ற கவலை தூங்கவிடவில்லை.
– ஆறு மாணவர்கள், தஞ்சாவூர்

உங்களுக்கு வந்த கவலை சரியான கவலை. கன்று தன் காலில் நிற்க மூன்று ஆண்டாவது வேண்டும். பட்டப் படிப்பும் மூன்று ஆண்டு. ஆக ஒரே குழு ஒருபோதும் முழுக்கப் பார்க்க முடியாது.

எங்களிடம் வழக்கம் இப்படி இருந்தது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு குறிப்பேடு. உயிரோடு நிற்கிற கன்று எத்தனை, உயரம், குழித் தண்ணீரின் உப்பு, வாய்க்காலின் ஆழம், மாடு இறங்கியதா, நண்டு கடித்ததா என்று மாதம் ஒரு பக்கம். கரையில் ஒரே இடத்தில் அடித்த முளையில் நின்று ஒரே திசையில் ஒரு படம். இறுதியாண்டுப் பிள்ளைகள் அதை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளிடம் வகுப்பில் வைத்துத் தரக் கூடாது. வாய்க்காலில் இறங்கி நின்று, ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, "இது இங்கே" என்று விரல் நீட்டிக் காட்டிவிட்டுத் தர வேண்டும். பிப்ரவரியிலேயே தொடங்கிவிடுங்கள். மே மாதம் தேர்வு, யாரும் வர மாட்டார்கள்.

அந்தக் குறிப்பேடுகளில் நான்கு இப்போது என் அலமாரியில் இருக்கின்றன. உப்பு ஊறி, அட்டை உப்பி, சில பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போய்விட்டன. நான்கு ஐந்து பக்கத்துக்கு ஒருமுறை கையெழுத்து மாறும். முதல் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் "11" என்று இருக்கிறது.

உங்கள் குறிப்பேட்டில் கடைசியாக எழுத வேண்டியவை இரண்டு: அடுத்து எண்ண வேண்டிய நாள், அன்றைக்கு வரப்போகிறவர்களின் பெயர்கள். அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்து, அதிகாலை வற்றத்தில் வையுங்கள். எந்த ஓடை, எந்தக் கிளை என்று எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள். முழங்கால் இன்னும் ஒத்துழைக்கிறது. அன்றைக்கு எண்ண நானும் வருகிறேன்.